பஞ்சாலை என்று நான்கு பேர்

13-7-1952, ஞாயிறு

கோயில் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: தலைவர் கங்காணி வீரமுத்து. பூசாரி சன்னாசி. ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி விசுவநாதன். என் வீட்டுக்காரர் மணியம், புகைவீட்டிலிருந்து நேராக, சட்டையெல்லாம் ரப்பர் புகை வாசத்தோடு. மற்ற ஆண்கள் பதினாறு பேர். பெண்கள் நான்கு பேர். என்னையும் சேர்த்து நான்கு பேரும் பஞ்சாலை.

இந்தத் தோட்டத்தில் முதலில் எழும்பியது திரௌபதி அம்மன் கோயில். ஆடியில் பிறக்கும் பெண்ணுக்கு அம்மன் பேரைப் பஞ்சாலை என்று வைப்பது வழக்கம். எங்களில் மூன்று பேர் அப்படி வந்தவர்கள். கரகம் சுமக்கும் கரகத்தக்கா மட்டும் ஊரிலேயே அந்தப் பேரோடு பிறந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர்.

முடிவானது: பதினேழாம் தேதி காப்புக் கட்டு, ஆகஸ்ட் மூன்று தீமிதி. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்காக ஆறு மணிக்கு மேல் யாரும் வெளியே நிற்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால், நெருப்பில் நாலு மணிக்கே இறங்க வேண்டும். காப்புக் கட்டியவர்கள் பதினெட்டு நாளும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. காப்புக் கட்டுகிறவர்களின் பட்டியல் எழுதுவது வழக்கம்போல் நான்.

கிராணி சொன்னார்: "புருஷன் பேரப் போட்டு எழுதும்மா. பஞ்சாலைன்னு கூப்பிட்டா நாலு தலை திரும்புது."

நாலு பேரில் டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை. கரகத்தக்காவின் புருஷன் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. யார் பேரைப் போடுவது? டீச்சர்தான் சொன்னார், செய்கிற வேலையைப் போடலாம் என்று. அப்படியே எழுதினேன்: பள்ளிக்கூடத்துப் பஞ்சாலை, கண்ணாடிப் பஞ்சாலை, கரகப் பஞ்சாலை, கணக்குப் பஞ்சாலை.

கிராணி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "கணக்கா? இந்த எழுத்துக்குக் கைநாட்டே மேல்."

14-7, திங்கள்

சிரித்தது இன்னும் காதில் கிடக்கிறது.

எனக்கு யாரும் எழுத்துச் சொல்லித் தரவில்லை. கடையில் கருவாடு மடித்த பேப்பரைக் காயவைத்து, காலண்டர் எழுத்தோடு ஒப்பிட்டு நானே படித்தேன். அதனால் என் எழுத்து அச்சடித்ததுபோல் ஒவ்வொன்றும் தனியாக நிற்கும். டீச்சர் எழுத்து கொடிபோல ஓடும்.

டீச்சர் இந்த லயத்து வரிசை வீட்டில், ரப்பர் பால்வெட்டுக்காரிக்குப் பிறந்தவர். பிள்ளைகள் முப்பத்தொரு பேரையும் ஒரே கொட்டகையில் வைத்துச் சமாளிக்கிறார். லீவு நாளில் வீடு வீடாகப் போய்த் தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு எல்லாவற்றையும் எழுதி வாங்குகிறார். யார் பாடியது, எந்த ஊரிலிருந்து வந்த பாட்டு, கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டத்தில் அதையே எப்படி மாற்றிப் பாடுகிறார்கள் என்றெல்லாம் ஓரத்தில் குறிப்பு. ஆறு நோட்டு ஆகிவிட்டது. பாட்டுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். "பாடினவங்க செத்துட்டா யார்கிட்ட போயிக் கேக்கறது?" என்றார்.

கண்ணாடிப் பஞ்சாலை ஆஸ்பத்திரி ஆயா. காய்ச்சல்காரர் விரலில் குத்தி எடுத்த ரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது அவள். கையெழுத்துப் போடுவது ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான டிரஸ்ஸர். "ரத்தத்துக்குள்ள மோதிரம் மோதிரமாக் கெடக்கும்க்கா, அதான் மலேரியா" என்பாள். எந்த வரிசை வீட்டில் எத்தனை பேருக்கு மோதிரம் என்று அவள் சொல்லச் சொல்ல, இரண்டு வருஷமாக என் நோட்டில் எழுதுகிறேன். கம்பிவேலிக்குள் போடுகிறோம் என்று லயத்தைச் சதுப்புப் பக்கம் மாற்றினார்களே, அதற்குப் பிறகு காய்ச்சல் மூன்று மடங்கு. அவள்தான் கண்டுபிடித்தாள். டிரஸ்ஸர் தான் கண்டுபிடித்ததாகத் தோட்டத்துத் துரையிடம் சொல்லிவிட்டார். சொல்லட்டும். வாரம் ஆளுக்கு இரண்டு மாத்திரை வர ஆரம்பித்தது அதனால்தான்.

கரகத்தக்கா எழுத்து அறியாதவர். அம்மன் கதை பதினெட்டு நாள் பாட்டும் நெஞ்சுக்குள் இருக்கிறது. ஆண்கள்தான் கரகம் எடுக்க வேண்டும் என்றிருந்ததை, ஜப்பான் சண்டைக் காலத்தில் ஆண்களே இல்லாதபோது இவர் எடுத்தார். பிறகு திருப்பிக் கொடுக்கவில்லை.

ஒருத்தி பாட்டைச் சேர்க்கிறாள், ஒருத்தி நோயைக் கண்டுபிடிக்கிறாள், ஒருத்தி அம்மனைச் சுமக்கிறாள். எழுதிவைக்க ஒருத்தி வேண்டாமா? நான் அது.

17-7, வியாழன்

காப்புக் கட்டியாயிற்று. பதினெட்டுப் பேர். எனக்கும் கட்டினார் சன்னாசி. அம்மா, குறையில்லாமல் நடத்து.

19-7, சனி

மாத்திரை மடிக்கும் நாள். பழைய காலண்டர் தாளில் ஆளுக்கு இரண்டாகப் பொட்டலம் கட்டி, மேலே பேர், கீழே வீட்டு எண். கரகத்தக்கா கோயில் பக்கத்துக் கொட்டகையில் இருப்பதால் எண் கிடையாது. வெறும் பேர்தான்.

அவர் வாயில் போடவில்லை. "அம்மா மேல இருக்கையில வெள்ளக்காரன் மாத்திரைய உள்ள விடலாமா, கண்ணு? ஆனா மருந்த வேணாங்கக் கூடாது, குடு" என்று முந்தானையில் முடிந்துகொண்டார்.

22-7, செவ்வாய்

டீச்சரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

என் மகள் செல்லம்மா சிலேட்டைக்கூட எடுக்காமல் ஓடி வந்தாள். இரண்டு ஜீப். ஒரு வெள்ளைக்காரர், மலாய்க் கான்ஸ்டபிள் மூன்று பேர், கூடவே கிராணி. ஒரு சின்னத் தாளைக் காட்டினார்களாம். அது தன் எழுத்து இல்லை என்று டீச்சர் இரண்டு தடவை சொன்னாராம். கிராணி அதை வெள்ளைக்காரருக்குச் சொல்லவே இல்லை என்கிறாள் செல்லம்மா. "எழுதத் தெரிஞ்ச பஞ்சாலை இந்தத் தோட்டத்துல இது ஒண்ணுதான்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார், நான் பட்டியல் எழுதியதை எட்டிப் பார்த்தவர். ஆறு நோட்டையும் கட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டார்கள். ஏறும்போது கையில் அம்மனுக்குக் கட்டிய காப்பு இருந்ததாம்.

சாயந்தரம் என் வீட்டுக்காரர் விவரம் கொண்டுவந்தார். நேற்று ஒன்பதாம் நம்பர் ரப்பர்க் காட்டுக்குப் பின்னால் சோல்ஜர்கள் சுட்டிருக்கிறார்கள். காட்டுக்குள் இருப்பவர்கள் ஒரு பையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். பையில் மாத்திரைப் பொட்டலம். மேலே தமிழில் பஞ்சாலை.

"காட்டுக்காரனுக்கு மருந்து குடுத்தா சும்மா விடுவானா? கப்பலேத்தி நாகப்பட்டணத்துக்கு அனுப்பிருவான்" என்றார்.

டீச்சர் இங்கேயே பிறந்தவர். அங்கே யார் வாசலில் போய் நிற்பார்?

"பேர் மட்டுந்தானா? வீட்டு எண் இல்லியா?"

"இல்லியாம்."

கரண்டியைக் கீழே வைத்தேன். யார் பொட்டலம் என்று எனக்குத் தெரியும். யார் எழுத்து என்றும் தெரியும்.

23-7, புதன்

கரகத்தக்காவிடம் போய்க் கேட்டேன். ஒளிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கற்பூரம் ஏற்றப் போனபோது, காட்டோரத்து முனியாண்டி காலடியில் வைத்தாராம். "தூக்கிப் போட்டா பாவம். சாமி பத்திரமா வச்சிருக்கும், காப்பு அவுத்ததும் எடுத்துப் போட்டுக்கலாம்னு நெனச்சேன்."

முனியாண்டி காலடியிலிருந்து அதைக் காட்டுக்காரர் எடுத்துப் போயிருக்கிறார்கள், டீச்சர் போனது அதனால்தான் என்று சொன்னேன். எழுந்து சேலையை உதறினார். "அப்ப நாந்தான் போயிச் சொல்லணும்."

கங்காணி கூப்பிட்டனுப்பினார். டீச்சர் எல்லை தாண்டிவிட்டாள், பட்டியலில் அவள் பேரை அடி என்றார்.

"அவங்களாவா தாண்டுனாங்க? இழுத்துக்கிட்டுப் போனாங்க."

"எப்படிப் போனா என்னா? போனது போனதுதான். ஊர் நல்லபடியா இருக்கணும்னா வாய மூடிக்கிட்டு அடி."

"அம்மனையும் இழுத்துக்கிட்டுத்தான் போனாங்க, மாமா. அந்தப் பேரையும் அடிச்சிறவா?"

பென்சிலை அவர் பக்கம் நீட்டினேன். வாங்கவில்லை. பேர் அப்படியே இருக்கிறது.

24-7, வியாழன்

எழுத்து ஓடவில்லை.

போனா காப்புக் கெடும். அம்மாவுக்குக் குத்தம். போகாட்டி? என் எழுத்துக்கு இன்னொருத்தி கப்பலேறணுமா? எண் போடாம விட்டது என் கைதானே. கொட்டகைன்னாவது எழுதியிருக்கலாம்ல? எத்தனையோ தடவை எழுதியிருக்கேன், ஒரு தடவை தோணல.

நேற்றிலிருந்து இவருக்குப் பயம். நம்மையும் ஏற்றிவிடுவான், பிள்ளை இருக்கிறது என்ற ஒரே பேச்சு. இன்று சாப்பிட்டுக் கை கழுவும்போது, "நாளைக்கு அரிசி லோரி எத்தன மணிக்கு வருது?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். "ஏழரை" என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.

25-7, வெள்ளி

போய் வந்தோம். மூன்று பேரும். நடந்தபடியே எழுதுகிறேன்.

கண்ணாடிப் பஞ்சாலையை நான் கூப்பிடவில்லை. விஷயம் கேட்டு அவளாக ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு வந்து நின்றாள். கரகத்தக்கா கோயில் வாசலில் சன்னாசியைக் கூப்பிட்டு, அம்மன் காலடி மண் ஒரு கைப்பிடி கேட்டார். சன்னாசி யோசித்தார். பிறகு தன் கையால் அள்ளி அவர் முந்தானையில் போட்டார். "எல்லைய மடியில கட்டிக்கிட்டேன். இனி எங்க நின்னாலும் நம்ம தோட்டந்தான்" என்றார் அக்கா. எங்களுக்கும் ஆளுக்கு ஒரு சிட்டிகை.

வெளியே போகப் பாஸ் வேண்டும். கிராணி கொடுக்க மாட்டார் என்று கேட்கவே இல்லை. கேட்டில் துப்பாக்கியோடு காவல் போலீஸ் அர்ச்சுனன் நின்றார். பாஸ் எங்கே என்றார்.

"போலீஸ்ல சாட்சி சொல்லப் போறோம், தம்பி. போலீசுக்குப் போறவங்களப் போலீசே தடுக்கும்னா சொல்லுங்க, திரும்பிடறோம்."

அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "இது எந்த ரூல்ல வருதுன்னு எனக்குத் தெரியல லா" என்று அரிசி லோரியை நிறுத்தி ஏற்றிவிட்டார். எல்லைக் கல் தாண்டும்போது அக்கா மடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். நானும்தான்.

டவுன் ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் பெஞ்சில். பிறகு உள்ளே. அந்த வெள்ளைக்காரர், மொழிபெயர்க்க ஒரு தமிழர், கதவருகே வயதான மலாய்க் கான்ஸ்டபிள்.

"பேரு?"

"பஞ்சாலை."

"நீ?"

"பஞ்சாலை."

மூன்றாவதாக அக்காவும் சொன்னதும் மொழிபெயர்ப்பவர் பேனாவை வைத்துவிட்டார். "வெளையாட வந்தீங்களா?"

"எங்க வீட்டுல வச்ச பேருங்க. நாலாவது ஆளத்தான் நீங்க உள்ள வச்சிருக்கீங்க" என்றேன்.

தாளும் பென்சிலும் கேட்டு வாங்கி என் பேரை எழுதினேன். என் நோட்டையும் விரித்து வைத்தேன். வெள்ளைக்காரர் இழுப்பறையிலிருந்து அந்தப் பொட்டலத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் கண் இருக்கிறதே. ஒன்றுபோல் நின்றது. ஏன் எண் இல்லை, யாருக்கு எண் இல்லை என்று சொன்னேன்.

கண்ணாடிப் பஞ்சாலை இங்கிலீஷ் நாலு வார்த்தை அறிவாள். இரண்டு விரலைக் காட்டி, "டூ. ஒன்லி டூ" என்றாள். பிறகு தமிழில், "இத வச்சு ஒரு ஆட்டுக்குக்கூடக் காச்சல் நிக்காது. மருந்து சப்ளை பண்றவ ரெண்டு மாத்திரையா குடுப்பா? மொத்தம் எத்தன வந்துச்சு, எத்தன போச்சுன்னு இந்த நோட்டுல இருக்கு, எண்ணிப் பாக்கச் சொல்லுங்க" என்றாள். மொழிபெயர்ப்பவர் எண்ணினார். சரியாக இருந்தது.

பிறகு அக்கா. யாருக்காக அங்கே வைத்தாய் என்று கேட்டார்கள்.

"முனியாண்டிக்கு."

வெள்ளைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து முனியாண்டி எந்த வீடு என்று கேட்டார். மொழிபெயர்ப்பவர் விழித்தார். கதவருகே நின்ற கான்ஸ்டபிள்தான், "டத்தோ லா, துவான். டத்தோ கெராமாட்" என்றார். மலாய்க்காரர்கள் காட்டோரத்தில் கும்பிடுகிற காவல் சாமி அது. வெள்ளைக்காரர் பென்சிலால் எழுதியதை அடித்தார்.

கடைசியில் டீச்சருடைய நோட்டுகளை மேசையில் போட்டார்கள். இது என்ன ரகசிய எழுத்து என்று கேள்வி. பாட்டு என்றேன். நம்பவில்லை. "எங்கயாவது பிரிச்சு அரை வரி படிங்க" என்றார் அக்கா. மொழிபெயர்ப்பவர் நடுவில் பிரித்து அரை வரி படித்தார். மீதியை அக்கா பாடினார். வேறு நோட்டில் இன்னொரு பக்கம். அதையும் பாடினார். மூன்றாவது ஒப்பாரி. அதை மட்டும் அக்கா முடிக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மொழிபெயர்ப்பவரே மீதியைச் சொன்னார், நோட்டைப் பார்க்காமல். அவர் அம்மா பாடுவாராம்.

ஆனால் டீச்சரை விடவில்லை. காவல் கேம்ப்புக்கு அனுப்பியாயிற்று, மேலிடத்துக்கு எழுதுகிறோம் என்றார்கள். பார்க்கவும் விடவில்லை. என் நோட்டைச் சாட்சி என்று வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷக் காய்ச்சல் கணக்கு. போகட்டும். கண்ணாடிக்காரிக்குப் பாதி மனப்பாடம்.

திரும்பும்போது மொழிபெயர்ப்பவர் வாசல்வரை வந்தார். கப்பல் பட்டியலில் டீச்சர் பேர் ஏறியிருந்தது, இன்று எடுத்து வைத்துவிட்டார்கள், வேறொன்றும் சொல்ல முடியாது என்றார்.

அது போதும் இன்றைக்கு.

26-7, சனி

கங்காணி லயத்தில் எல்லார் காதிலும் விழச் சொல்கிறார்: எல்லை தாண்டிய மூன்று பேரும் நெருப்பில் இறங்கக் கூடாது, கரகம் தன் அக்கா மகன் எடுப்பான். டிரஸ்ஸர் கண்ணாடிப் பஞ்சாலையைப் பூதக்கண்ணாடிப் பக்கம் வராதே என்றுவிட்டார். மூன்று நாளில் அவரே கூப்பிடுவார், அவருக்கு மோதிரம் தெரியாது.

28-7, திங்கள்

பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் வேலியோரம் சுற்றுகின்றன. சாவி டீச்சர் வீட்டு ஆணியில்தானே தொங்குகிறது.

திறந்தேன். வந்தவர்கள் பதினேழு பேர்.

30-7, புதன்

கிராணி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, யார் உத்தரவில் என்று கேட்டார். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். "படிச்சுப் பாருங்க, தப்பு இருந்தா சொல்லுங்க" என்றேன். படித்தார். திரும்பி ஆபீசுக்குப் போனார். இன்று பிள்ளைகள் இருபத்து நான்கு பேர்.

டிரஸ்ஸர் கூப்பிட்டுவிட்டார். நாலு நாள்தான் தாங்கினார்.

3-8, ஞாயிறு

தீமிதி.

கங்காணியின் அக்கா மகன் மாலை போட்டுக்கொண்டு நின்றான், முகம் வெளுத்து. கரகத்தக்கா ஈரச் சேலையோடு ஒரு ஓரம். யாரோடும் வாதாடவில்லை. சன்னாசி கரகத்தைத் தூக்கிக்கொண்டு கங்காணியைத் தாண்டி நேராக அக்காவிடம் போனார்.

"என்னா பண்றே, சன்னாசி?"

"மண்ணு நான் அள்ளிக் குடுத்ததுங்க. அது பொய்யின்னா என் பூசையும் பொய்யி."

தலையில் வைத்துவிட்டார். அந்தப் பையன் மாலையைக் கழற்றியதில்தான் எத்தனை சந்தோஷம்.

அக்கா முதலில் இறங்கினார். பின்னால் நான், பிறகு கண்ணாடிப் பஞ்சாலை, பிறகு மற்றவர்கள். சூடு தெரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தெரிந்தது. நடந்தேன். ஐந்தேகாலுக்கு எல்லாம் முடிந்தது. அவிழ்த்த காப்பு பதினேழு. கங்காணியின் மனைவி எங்கள் மூன்று பேர் காலுக்கும் மஞ்சள் அரைத்து அனுப்பினார்.

11-8, திங்கள்

ஒரு செய்தியும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருபத்தொன்பது பேர்.

20-8, புதன்

ஆபீசுக்கு ஒரு காகிதம் வந்து மூன்று நாள் கிடந்திருக்கிறது. அர்ச்சுனன் சொல்லித்தான் தெரியும். டீச்சரை விடுவதற்கு எழுதியிருக்கிறார்கள். தங்குவதற்கு ஒரு வீட்டு விலாசம் வேண்டும், பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட இரண்டு பேர் வேண்டும். துரை மறுத்துவிட்டார், பள்ளிக்கூட வீடும் இனிக் கிடையாதாம். கங்காணி கோயில் பேரில் முடியாது என்றுவிட்டார்.

காகிதத்தைக் கொடுங்கள் என்று கிராணி முன்னால் போய் நின்றேன். ஆண்கள் இரண்டு பேர் வேண்டும் என்றார். அப்படி எங்கே எழுதியிருக்கிறது, விரலை வைத்துக் காட்டுங்கள் என்றேன். விரல் வைக்க இடமில்லை.

நான் கையெழுத்துப் போட்டேன். கண்ணாடிப் பஞ்சாலை போட்டாள். இரண்டு போதும் என்றபோதும் கரகத்தக்கா பென்சிலை வாங்கி எழுதினார். நாலு நாளாகப் பள்ளிக்கூடத்தில் பின் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு. முழுப் பேரும்.

விலாசம் எங்கள் வீடு. இவர் நடுவில் சாக்குப் படுதா கட்டி ஒரு மூலையை ஒதுக்கிவிட்டார்.

29-8, வெள்ளி

ஒன்பது நாளாகப் பதில் இல்லை. கிராணி இங்கிலீஷில் எழுதித் தர மாட்டார். நானே எழுதி லோரியில் அனுப்பினேன். நகல் இங்கே:

கேம்ப் அதிகாரி அவர்களுக்கு,

தமிழிலேயே எழுதுகிறோம். படித்துச் சொல்ல உங்களிடம் ஆள் உண்டு என்று நேரில் பார்த்திருக்கிறோம்.

பஞ்சாலை டீச்சரை அழைத்துக்கொள்ள நாங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறோம். வீட்டு எண் 46. இடம் தயாராக இருக்கிறது. அவர் பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் இன்று பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார்கள். அவருடைய ஆறு நோட்டுகளையும் அவரோடு கொடுத்தனுப்ப வேண்டும்.

வெளியே வர எங்களுக்கு ஒரு நாள் பாஸ்தான் கிடைக்கும். ஆகவே எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த வாசல் என்று மட்டும் எழுதுங்கள். மூன்று பேரும் வந்து நிற்போம்.

பதிலைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

பஞ்சாலை
பஞ்சாலை
பஞ்சாலை